எதில் எத்தனை சதவீதம்?

போன வாரம் மதியம் அலுவலகத்துக்கு ஒரு போன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்க்கும் இளைஞர். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "சார், எட்டாவது சம்பளக் கமிஷன் வந்தா எனக்கு 81,338 ரூபாய் வரும்தானே? அதை நம்பித்தான் அக்கா கல்யாணத்துக்கு வட்டிக்குப் பணம் கேட்டிருக்கேன்" என்றார்.

அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டேன். 'குறைந்தபட்ச சம்பளம் 51,480 ஆகிறது' என்று ஒரு நியூஸ் கார்டு பார்த்திருக்கிறார். 2025 ஜூலை முதல் இருந்த 58 சதவீத அகவிலைப்படியை அதன் மேல் அவரே போட்டுக் கூட்டியிருக்கிறார். கூட்டலில் தவறு இல்லை. தவறு கார்டில்.

செய்தி சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் இப்படி எத்தனை போன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார்டு. 51,480 என்பது, இப்போதைய குறைந்தபட்ச அடிப்படை ஊதியமான 18,000-ஐ 2.86 ஆல் பெருக்கினால் வருவது. 2.86 என்பது, பழைய அடிப்படை ஊதியத்தைப் புதியதாக்கப் பெருக்கும் எண்ணாகப் பேச்சில் அடிபடுவது. சம்பளக் கமிஷன், அதாவது ஊதியக் குழு, அதைச் சொல்லவில்லை. எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2025 அக்டோபர் 28-இல்தான். அறிக்கை தர 18 மாதம் அவகாசம். 'ஆகிறது' என்று எழுத இதில் எதுவும் இல்லை.

சரி, நாளைக்கே 2.86 கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருக்கு 81,338 வராது. என்னை ஓயாமல் வாட்டும் குழப்பம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். புதிய ஊதியம் நிர்ணயிக்கும்போது அதுவரை சேர்ந்த அகவிலைப்படி அடிப்படை ஊதியத்துக்குள்ளேயே கரைந்துவிடும். அகவிலைப்படி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே 18,000 ரூபாய் 51,480 ஆகிறது என்று ஒப்பிடுவதே தப்பு. அவர் வாங்குவது 18,000 இல்லை, அந்த 58 சதவீத அகவிலைப்படியோடு 28,440. அதோடுதான் ஒப்பிட வேண்டும். பெருக்கும் எண் 1.58-ஆக இருந்தால் கையில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

ஏழாவது குழுவில் இது நடந்து முடிந்த கதை. குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 7,000-இலிருந்து 18,000 ஆனது, 2.57 மடங்கு. தலைப்புகளில் எல்லாம் 'இரண்டரை மடங்கு உயர்வு'. ஆனால் 1.1.2016 அன்று அகவிலைப்படி 125 சதவீதம். 7,000-உம் 8,750-உம் சேர்த்து, அவர் ஏற்கெனவே 15,750 வாங்கிக்கொண்டிருந்தார். ஏறியது 2,250 ரூபாய். சதவீதத்தில் 14.29. அதே குழுவின் அறிக்கையிலிருந்து 23.55 சதவீதம் என்ற எண்ணும் ஊரெங்கும் ஓடியது. அது சம்பளம், படிகள், ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்த மொத்தச் செலவின் உயர்வு. தனி ஒருவரின் சம்பளத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

தலைவர்களின் அறிவிப்புகளிலும் இதே சிக்கல்தான். கொரோனா காலத்தில் அகவிலைப்படி நிறுத்தி வைக்கப்பட்ட பிறகு, தமிழக அரசு 1.1.2022 முதல் அதை 17-இலிருந்து 31 சதவீதமாக்கியது. '14 சதவீத உயர்வு' என்று அறிவிப்பு. அது பொய் இல்லை, அகவிலைப்படி 14 புள்ளி ஏறியது நிஜம். ஆனால் அதை '14 சதவீத சம்பள உயர்வு' என்று மாற்றிப் போட்டவர்கள் செய்தி அறையில் இருக்கும் நாம்தான். அடிப்படை 20,000 உள்ள ஒருவர் 23,400 வாங்கினார், 26,200 ஆனது. உயர்வு சுமார் 12 சதவீதம். அதுவும் விலைவாசிக்கு ஈடாக முன்பே வந்திருக்க வேண்டிய பணம்.

சம்பள உயர்வை எதிர்ப்பவர்களிடமிருந்து வரும் எண்களில் இன்னும் கவனம் வேண்டும். 'அரசு வருமானத்தில் 90 சதவீதம் ஊழியர் சம்பளத்துக்கே போகிறது' என்பதை இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன். 2003 தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை நீக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு இப்படி ஒரு வாதம் வைத்தது. ஆகஸ்ட் 6 தீர்ப்பில் அது பதிவாகியும் இருக்கிறது. அங்கே இருப்பது 'நேரடி வரி வருவாயில் ஏறத்தாழ 90 சதவீதம்'. டீக்கடைக்கு வருவதற்குள் 'நேரடி வரி' உதிர்ந்து 'மொத்த வருமானம்' ஒட்டிக்கொண்டது.

2025-26 தமிழக பட்ஜெட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளம் சுமார் 90,000 கோடி. ஓய்வூதியம் சுமார் 41,000 கோடி. வட்டி சுமார் 70,000 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2.20 லட்சம் கோடி. மத்திய வரிப் பங்கு, மானியம் எல்லாம் சேர்த்து மொத்த வருவாய் வரவு 3.31 லட்சம் கோடி. மொத்த வருவாயில் சம்பளம் மட்டும் 27 சதவீதம். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 40. அதே தொகையைச் சொந்த வரியால் மட்டும் வகுத்தால் 60. வட்டியையும் உள்ளே தள்ளிச் சொந்த வரியால் வகுத்தால் 90-ஐத் தாண்டிவிடும். ஒரே பட்ஜெட், ஒரே ஆண்டு. மேடையில் பேசுபவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். கடனுக்குக் கட்டும் வட்டியை ஆசிரியர், நர்ஸ், போலீஸ்காரர் தலையில் எழுதி அச்சிடுவது நம் கை.

செய்தி அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பத்திரிகைக் குறிப்பு மாலையில் வரும், அரசாணை பிறகு வரும், ஸ்க்ரோல் ஐந்து நிமிடத்தில் ஓடியாக வேண்டும். அவசரம் புரிகிறது. அந்த ஐந்து நிமிடத்திலும் ஒரு கேள்வி கேட்கலாம்: எதில்? எதில் 14, எதில் 90? பதில் வரவில்லையென்றால் சதவீதத்தைத் தலைப்பில் போடாதீர்கள். 'என்று அமைச்சர் கூறினார்' என்று வாலில் சேர்த்துவிட்டால் சரிபார்த்தது ஆகிவிடாது. பழைய தொகை, புதிய தொகை இரண்டையும் ரூபாயில் எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து, நிலுவை உண்டா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பட்ஜெட் ஆவணங்கள் நிதித்துறை இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. திறந்து பாருங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்தான். அரசாணை வெளிவந்து உங்கள் அலுவலகத்தில் கணக்குப் போடும் வரை, வரப்போகும் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தயவுசெய்து.

அந்த இளைஞரிடம் அரை மணி நேரம் பேசினேன். 28,440-ஐ வைத்து மாதத் தவணை எவ்வளவு தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போட்டோம். கேட்டிருந்த தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு அந்தக் கார்டு போட்டவர்களுக்கு எழுதினேன். மறுநாள் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள், திருத்தம் எதுவும் போடவில்லை. அதற்குள் அது எத்தனை குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போனதோ. அழிப்பது போதாது, நண்பர்களே. அதே அளவு எழுத்தில், அதே நிறத்தில், 'நேற்று நாங்கள் போட்ட 51,480 தவறு' என்று இன்னொரு கார்டு போடுங்கள்.