வெள்ளை ஒயினை ஐஸில் புதைக்காதீர்கள்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. அடிக்கடி காதில் விழுவது, "இன்னும் கொஞ்சம் ஐஸ் போடுங்க". கொஞ்ச நேரம் கழித்து அதே மேசையிலிருந்து, "புளிப்பைத் தவிர ஒண்ணும் தெரியலையே".

எப்படித் தெரியும்? ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கு செய்யும் வேலை, அளவுக்கு மீறிக் குளிர்ந்த ஒயினில் வாசனை மேலே எழும்பாது, அப்புறம் நாக்குக்கு மிஞ்சுவது புளிப்புதான். சோவிஞ்ஞான் பிளாங்க், செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயின்களுக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும், ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயினுக்கு 10 முதல் 13. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள், நம்ம ஊர் புழுக்கத்துக்கு அதுவே தாராளம்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். சோவிஞ்ஞான் பிளாங்க்கில் பச்சைக் குடைமிளகாய் நறுக்கிய வாசனை வந்தால் அது கற்பனை இல்லை, குடைமிளகாயில் இருக்கும் பைரசின் வகைச் சேர்மங்களே இதிலும் உண்டு. கொய்யா வாசனை வந்தாலும் கற்பனை இல்லை. ஷார்டனேயில் வெண்ணெய் மணக்கிறதா? நொதித்தலின்போது பாக்டீரியா உண்டாக்கும் டைஅசிட்டைல் அது. யாரோ எழுதிய பட்டியலை மனப்பாடம் செய்யாமல் உங்கள் மூக்குக்குப் பட்டதைச் சொல்லுங்கள்.

பழ வாசனை வந்தாலே இனிப்பு ஒயின் என்று முடிவுகட்ட வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள், அப்போதும் இனித்தால்தான் சர்க்கரை.

புளிப்பைக் குறையாகப் பார்ப்பவர்கள் நிறைய. திராட்சையின் முக்கிய அமிலமான டார்டாரிக் அமிலம்தான் புளியிலும் இருக்கிறது, தினமும் மீன் குழம்பு சாப்பிடுகிற நாக்கு இதற்கு ஏன் சுளிக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. வறுத்த வஞ்சிரத்தோடு குடித்துப் பாருங்கள், வாயில் எண்ணெய்ப் பிசுக்கே நிற்காது. பாட்டிலடியில் கல்கண்டுத் தூள் மாதிரி கிடப்பதும் அந்த அமிலத்தின் உப்புதான், கண்ணாடித் துண்டு இல்லை. ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால், பாட்டிலை மூடிய கார்க்கால் ஒயின் கெட்டிருக்கிறது. கூச்சப்படாமல் திருப்பி அனுப்புங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். 13 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம்தான். "ஒயின்தானே" என்று குடித்துவிட்டு ராத்திரி கடலூருக்கு பைக்கை எடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். பஸ் இருக்கிறது, இல்லையென்றால் ரூம் போட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.