நூறு வாட் மனிதர்கள்

ஜனவரி ராத்திரியில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைப் பக்கம் போனால், நடைபாதை நெடுக போர்வை மூட்டைகள் கிடக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் இருப்பார். வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வந்தவர், கூடத் துணைக்கு வந்தவர், நிரந்தரமாகவே தெருவில் வாழ்பவர் என்று எல்லாரும் உண்டு. வெப்பமானி 5 டிகிரி காட்டும். தண்ணீர்கூட உறையாத அந்தக் குளிரில் மனிதர் ஏன் சாகிறார்?

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் கணக்கு. தூங்கும்போது இன்னும் குறைவு. இந்த வரவைவிடச் செலவு கூடினால் 37 டிகிரியில் இருக்கவேண்டிய உடல் இறங்கத் தொடங்கும். 35-க்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நடுக்கமும் ஒருவகை ஹீட்டர்தான், தசைகள் எரிபொருளை எரிக்கின்றன. இன்னும் இறங்கினால் நாக்கு குழறும், கால் தள்ளாடும். பார்ப்பவர் ‘குடிகாரன்’ என்று விலகிப்போவார். அப்புறம் நடுக்கமே நின்றுவிடும். குளிர் விட்டுவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை, ஹீட்டர் அணைந்துவிட்டது. குடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மது தோலடி ரத்தக்குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றும், உள்வெப்பமோ வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

செலவு எந்த வழியாகப் போகிறது? பெரிய திருடன் தரை. போர்வை சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. முதுகுக்கு அடியில் நசுங்கிய போர்வையில் காற்று ஏது? அதனால் மேலே மூன்று போர்த்தியும் கீழே வெறும் சிமென்ட் என்றால் பயனில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுப்பவருக்கு இது பாடம் படிக்காமலே தெரியும்.

அடுத்தது வானம். மார்கழி விடியலில் வாசலில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்திருக்கும், மரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருக்கும். ‘பனி பெய்கிறது’ என்கிறோம், உண்மையில் எதுவும் பெய்வதில்லை. தெளிந்த வானத்தை நோக்கி சீட் தன் வெப்பத்தைக் கதிர்களாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. திறந்தவெளியில் படுத்தவரின் போர்வைக்கும் இதே கதிதான். நனைந்த துணியில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

‘ரைன் பசேரா’ என்று டெல்லியில் அழைக்கப்படும் இரவுக் காப்பகங்கள் செய்யும் வேலை இதிலிருந்து புரியும். கூரை வானத்தை மறைக்கிறது, சுவர் காற்றை நிறுத்துகிறது, மெத்தை தரையைப் பிரிக்கிறது. தனி ஹீட்டர் வேண்டியதில்லை: 50 பேர் தூங்கினாலே கிட்டத்தட்ட 4 கிலோவாட்!

ஆனால் அந்த 50 பேரும் மூச்சும் விடுவார்கள். மூச்சிலும் தோலிலுமாக ராத்திரி முழுக்க வெளியேறும் ஈரம் சுமார் பத்து லிட்டர் இருக்கும். வெறும் தகரக் கூரையென்றால் அது கூரையில் படிந்து, விடிகாலையில் தூங்குபவர்மேலேயே சொட்டும். போர்ட்டா கேபின் என்னும் தகரப் பெட்டி அறைகளில் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்திருப்பது இதற்கும்தான். காற்றுப்போக்கி அவசியம், காசநோய் பரவாமலிருக்கவும் அது வேண்டும். குளிர் தாங்காமல் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு கரியடுப்பு மூட்டுவதுதான் படுபயங்கரம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தூங்கியவர் எழுவதேயில்லை.

2009 டிசம்பரில் டெல்லி பூசா சாலையில் ஒரு தற்காலிகக் காப்பகத்தை அகற்றினார்கள், நடுக்குளிரில். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்ற அளவுகோல் வந்தது. 24 மணி நேரம் என்பது வெட்டிச் சலுகை இல்லை. மண்டியில் ராத்திரி மூட்டை தூக்குபவர் பகலில்தானே தூங்குவார்?

இத்தனைக்கும் பிறகும் சிலர் வருவதில்லை. ரிக்‌ஷா இழுப்பவர் தன் வண்டி சீட்டிலேயே சுருண்டு படுக்கிறார். தரையிலிருந்து தப்பிவிட்டார், காற்றிடமும் வானத்திடமும் மாட்டிக்கொண்டார். வாடகை வண்டி, காணாமல் போனால் அவர் தலையில்தான் விடியும். காப்பகத்துக்குக் கூட்டிப்போக வேன் வந்து நின்றால் அவர் கேட்பது ஒன்றுதான்: “வண்டியை எங்கே விடுறது?”