குடியுரிமை, பிரஜாவுரிமை: சொல் விளக்கம்

திருகோணமலையில் எந்தப் பிரதேச செயலகத்தில் படிவம் வாங்கினாலும் அதில் 'பிரஜாவுரிமை' என்றுதான் இருக்கும். கிரந்தம் தவிர்ப்பவர்கள் 'பிரசாவுரிமை' என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் கடதாசியில் அதுவே 'குடியுரிமை'. மூன்றும் ஒரே பொருள். ஒரு நாட்டின் ஆள் என்று சட்டம் ஒருவரை ஏற்றுக்கொள்ளும் நிலை அது.

'பிரஜை' வடசொல். பிறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. முதற்பொருள் பிள்ளை, சந்ததி. அரசனுக்கு உட்பட்ட மக்கள் என்பது பிற்பாடு ஏறிய பொருள். 'குடி' தமிழ்ச்சொல். குடில், குடிசை, குடும்பம், குடியிருப்பு, கந்தளாய் அல்லைப் பக்கம் நாளும் காதில் விழுகிற குடியேற்றம் எல்லாம் அதன் உறவு. வள்ளுவர் இதை இரண்டு பொருளிலும் ஆள்கிறார். 'குடிதழீஇக் கோலோச்சும்' என்னும்போது குடி நாட்டு மக்கள். 'குடிசெயல்வகை' அதிகாரத்தில் அது பிறந்த குடும்பம். ஆக, இரு சொல்லிலும் அடியில் இருப்பது பிறப்பு. யார் வழிப் பிறப்பு என்பதில்தான் பெண்ணுக்கு வில்லங்கம் வந்தது.

வெருகல் ஆற்றைத் தாண்டித் தெற்கே மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுக்குப் போனால் குடி தாய்வழி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். தாயின் குடியே பிள்ளையின் குடி. தகப்பன் வேறு குடிக்காரர். தாய்வழிக் கிளையை 'வயிற்றுவார்' என்றே சொல்வார்கள். கிழக்கில் இந்தச் சொல்லுக்கு வயிறுதான் சாட்சி.

சட்டம் இதற்கு நேர்மாறாகப் போனது. 1931-இல் 21 வயதான பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது. ஆனால் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1948 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தபோது, வம்சாவழிப் பிரஜாவுரிமையைத் தகப்பன் வழியாகவே எண்ணியது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பிரஜையாக இருக்கவேண்டும். முன்பு இங்கே பிறந்தவருக்குத் தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்கவேண்டும். தாயும் அம்மம்மாவும் பூட்டியும் உப்புவெளியிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் கணக்கில் வராது.

ஒரு விதிவிலக்கு இருந்தது. விவாகத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கு, 'தகப்பன்' என்ற இடத்தில் 'தாய்' என்று வாசிக்கவேண்டும். 1950-இல் திருகோணமலைப் பட்டினத்தில் இரண்டு பெண்களுக்குப் பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இலங்கைப் பிரஜைகள். இரு பிள்ளைகளின் தகப்பன்மாரும் இந்தியப் பிரஜைகள். பதிவுத் திருமணம் செய்தவளின் பிள்ளை வம்சாவழிப் பிரஜை அல்ல. திருமணம் செய்யாதவளின் பிள்ளை பிரஜை. பிறப்புச் சான்றிதழின் பழைய படிவத்தில் பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கூண்டு உண்டு. அந்தக் கூண்டில் விழும் ஒரு சொல் பிள்ளையின் நாட்டை மாற்றிவிடும். பெண் தன் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாளா என்பதை அவள் யாரோடு, எந்த முறையில் சேர்ந்து வாழ்கிறாள் என்பதே தீர்மானித்தது. பிரஜாவுரிமை பெண்ணின் உடல்மீதும் எழுதிய சட்டம் என்று சொல்வது இதனால்தான்.

1978 அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. பிறகும் ஏன் பழைய சட்டம் நின்றது? 16(1) உறுப்புரை, முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்கும் சம உரிமை கேட்கும் ஐ.நா. பெண்கள் சமவாயத்தை இலங்கை 1981-இல் ஏற்புறுதி செய்தது. அதற்கேற்ற திருத்தம் வந்தது 2003-இல்: 16-ஆம் இலக்கச் சட்டம். பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருந்தால் போதும் என்றானது. இதற்கு எட்டு வருடம் முன்பே, 1995-இல், தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவைத் திருத்தினார்கள். ஆண்களுக்கிடையிலான பாலுறவை மட்டும் குற்றமாக்கியிருந்த அந்தப் பிரிவு, அதன்பின் பெண்களையும் பிடித்தது. தண்டனையில் சமத்துவம் முந்தி வந்தது, பிள்ளைக்கு நாட்டைக் கொடுப்பதில் பிந்தி வந்தது. இது சிறிய அநியாயம் அல்ல.

சரியான தமிழ் எது? உரிமைக்குக் 'குடியுரிமை' என்பதே பொருத்தம். ஆளைக் குறிக்கத்தான் கவனம் வேண்டும். 'குடிமகன்' என்பது ஆண்பால். போதாததற்கு, ஈழத்தில் ஊழியத்துக்குக் கட்டுண்ட சாதியினரைக் 'குடிமக்கள்' என்று அழைத்த பழைய வழக்கும் அதன்மேல் ஒட்டியிருக்கிறது. 'பிரஜை'க்கு ஆண்பால் பெண்பால் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழில் 'குடியுரிமையாளர்' என்றால் எல்லாரும் அடங்குவர். 'தேசியம்', 'இனம்' இரண்டையும் இதோடு குழப்பக்கூடாது. பிரஜாவுரிமைக் கூண்டில் 'இலங்கை'. 'இலங்கைத் தமிழர்', 'இலங்கைச் சோனகர்' என்பவை இனக் கூண்டுக்கு உரியவை.

போரால் 1990-இலும் 2006-இலும் இங்கிருந்து கடல் கடந்து போன குடும்பங்களுக்கு இந்த விளக்கம் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாகப் பிரஜை ஆகாது; பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி பதியவேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது முறை. பிந்தினால் அனுமதி கேட்டுப் பதியலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயம், திரும்பி வந்தவர்களுக்குப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றை முதலில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

காரியம் பெரும்பாலும் தாயின் பெயரில்தான் தடக்கும். ஊரில் பிறந்தபோது அவளுடைய முதலெழுத்து தகப்பனுடையது. தமிழ்நாட்டு அகதி முகாம் பதிவில் புருஷனுடைய எழுத்தாக மாறியிருக்கும். வாசிப்பவருக்கு இரண்டு பெண்கள் போலத் தெரியும். இரு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துச் சேர்க்கவேண்டும். படிவத்தில் தாயின் பெயரை அவளுடைய சொந்தப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள்.