பாறை இருக்கிறது, ஐஸ் எங்கே போனது?

"சாலையை அகலப்படுத்தும்போது, நாங்கள் வருடக்கணக்காக ஐஸ் கிளைம்பிங் செய்துவந்த பாறையின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார்கள். மேல்பாதி அப்படியே நிற்கிறது, குளிரும் குறையவில்லை. ஆனாலும் இரண்டு குளிர்காலமாக அங்கே ஐஸ் கட்டவே இல்லை. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழகிய இடத்தை இழந்த வருத்தம் அந்தக் கேள்வியில் தெரிகிறது.

ஐஸ் கிளைம்பிங் என்பது பாறைமேல் உறைந்து நிற்கும் ஐஸ் சுவரில் ஏறும் விளையாட்டு. இப்படிப்பட்ட பனிச்சுவர் பெரும்பாலும் வானத்திலிருந்து விழும் பனியால் உருவாவதில்லை. மலைக்குள் இருக்கும் நிலத்தடி நீர் விரிசல் வழியாகக் கசிந்து, பாறை முகத்தில் மெல்லிய படலமாக வழிந்து, அடுக்கடுக்காக உறைகிறது. ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நொடிக்கு 100 ஜூல் வெப்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ நீர் உறையும். தடிமன் 1 மில்லிமீட்டர் கூடும். வேகம் அவ்வளவுதான். ஆகவே நீர் நிதானமாக, நாள் கணக்கில் இடைவிடாமல் வர வேண்டும். வெள்ளமாகக் கொட்டினால் உறைவதற்குள் ஓடிப்போய்விடும். நின்றுபோனால் சுவர் வளராது.

சரி, அந்த நிதானமான கசிவைச் சாலை வேலை எப்படிக் கெடுத்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று வருகிறது. விரிசலின் அகலம் இரு மடங்கானால் அதில் போகும் நீரும் இரு மடங்காகும் என்றுதான் தோன்றும். உண்மையில் 8 மடங்காகிறது. பாறைச் சுவரை ஒட்டிய நீர் அசையாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். சுவரிலிருந்து விலக விலகத்தான் வேகம் கூடும். இடைவெளி இரு மடங்கானால் சராசரி வேகம் 4 மடங்காகும். வழியும் இரு மடங்கு அகலம் என்பதால், மொத்தம் 8. அகலம் 4 மடங்கானால் 64! சுவர்கள் வழவழப்பாக இருந்து, நீர் கலங்காமல் ஓடும்வரை இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

இதை அந்தப் பாறைமேல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் விரிசல்கள் சில சேர்ந்து அந்தச் சுவருக்கு நீர் ஊட்டி வந்தன என்று கொள்வோம். அடியில் வெடி வைத்ததும் 2 மில்லிமீட்டர் விரிசல் ஒன்று புதிதாகத் திறந்து, அவற்றை உள்ளேயே குறுக்காக வெட்டிவிடுகிறது. ஒரு பழைய விரிசலைப்போல 64 மடங்கு நீரைக் கடத்தக்கூடிய வழி, அதுவும் தாழ்வான இடத்தில்! மலைக்குள் நீர்மட்டம் இறங்கிவிடும். மேலே உள்ள பழைய வாய்கள் வறண்டுபோகும்.

அப்புறம், பொறியாளர்கள் வெட்டிய பாறையில் சற்றே மேல்நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு வடிகால் குழாய்களும் செருகியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விரிசலில் 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் பாறையை வெளியே தள்ளும். போதாததற்கு, நீர் உறையும்போது பருமனில் 9 சதவீதம் விரியும். சாலைமேல் பாறை விழாமல் இருக்க நீரை வடித்தே ஆக வேண்டும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். வேலை தொடங்குமுன் ஒரு வருடமாவது அந்தக் கசிவுகளை அளந்திருந்தால், எந்த விரிசல் எதற்கு நீர் தருகிறது என்று ஓரளவு தெரிந்திருக்கும். வாளியும் கடிகாரமும் வைத்துச் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் சிறு ஊற்றுகளை வருடக்கணக்கில் அளந்துகொண்டிருக்கும் ஆய்வுக்குப் பணம் கேட்டால் எளிதில் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய தவறாகவே படுகிறது.

வடித்த நீரைக் குழாய் வழியே சாலையை விட்டு விலகிய வேறொரு பாறைக்குக் கொண்டுபோனால், அங்கே ஐஸ் வளர்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள யூரே பனிப் பூங்கா அப்படிப்பட்டதுதான். நீர்மின் நிலையத்துக்குப் போகும் குழாயிலிருந்து கசிந்த நீர் பள்ளத்தாக்குச் சுவரில் உறைந்ததைக் கண்டவர்கள், பிறகு வேண்டுமென்றே நீர் விட்டுச் சுவர்களை வளர்த்தார்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் சுவருக்கு வந்துகொண்டிருந்த நீர் மலைக்குள் தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு குறைவு. வேறு வாயைத் தேடிக்கொண்டிருக்கும். அடுத்த கடுங்குளிரில், சாலைக்குக் கீழே உள்ள சரிவில், வடிகால் நீர் போய்ச் சேரும் பக்கமாகப் பாருங்கள்.