கற்பூரவல்லி வாசமும் ஒரு ஹைட்ரஜனும்

கற்பூரவல்லி இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், ஓமம் மணக்கும். ஓமவல்லி என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஆனால் இரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள் இல்லை. ஓமம் சீரகத்தின் குடும்பம், கற்பூரவல்லி துளசியின் குடும்பம். மணம் மட்டும் ஒத்துப்போகக் காரணம் தைமால், கார்வக்ரால் என்ற இரட்டைச் சேர்மங்கள். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். கார்பன் அணுக்களால் ஆன வளையத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கிளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். மத்தியதரைக் கடலோர மலைகளில் காட்டுச் செடியாக வளரும் தைம், ஓரிகானோ இரண்டிலும் இதே சேர்மங்கள் உண்டு. பீட்சா மேல் தூவும் ஓரிகானோ நமக்குப் புது வாசமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

கற்பூரவல்லி, தைம், ஓரிகானோ ஆகியவை இந்தச் சேர்மங்கள் அடங்கிய வாசனை எண்ணெயை இலையின் மேல்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் தனியே அடைத்து வைத்திருக்கின்றன. கிருமியைக் கொல்லும் இந்த எண்ணெய் செடியின் சொந்த செல்களையும் பதம் பார்த்துவிடும் அல்லவா!

கிருமியை அது எப்படிக் கொல்கிறது? பாக்டீரியாவின் செல்லைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறது. செல் புரோட்டான்களை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்களை, வெளியே தள்ளித் தேக்கி, அவை திரும்ப உள்ளே வரும் வேகத்தில் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரித்துக்கொள்கிறது. அணையில் நீரைத் தேக்கி மதகு வழியாக விட்டு மின்சாரம் எடுப்பது போலத்தான். கார்வக்ரால் கொழுப்பில் எளிதாகக் கரையும். சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகிறது, பொட்டாசியம் கசிகிறது. அதோடு முடியவில்லை. அந்தச் சின்னக் கிளையின் ஹைட்ரஜன் இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. வெளியே ஒரு புரோட்டானை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்து இறக்கிவிட்டு, மறுபடி வெளியே போய் இன்னொன்றை ஏற்றிவருகிறது. மதகுப் பக்கம் போகாமலே பரிசலில் ஆள் கடத்துகிற மாதிரி! தேக்கம் வடிகிறது, ஆற்றல் தீர்கிறது, செல் சாகிறது.

ஆறிய சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் முன்வைத்த விளக்கம் இது. அந்தக் கிளை இல்லாத சைமீன் என்ற சேர்மத்தையும் அவர்கள் சோதித்தார்கள். அது சவ்வைக் கார்வக்ராலைவிட அதிகமாகவே உப்பவைத்தது, ஆனால் செல்லின் ஆற்றல் இருப்பை அசைக்க முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒரே ஓர் ஆக்சிஜன் குறைந்தால் ஆயுதம் மழுங்கிவிடுகிறது.

அதே ஹைட்ரஜனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய முறுக்கில் சிக்கு வாடை வருவது ஒரு சங்கிலி வினையால். ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பு மூலக்கூறு ஒன்று பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும், பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். தைமால் குறுக்கே வந்து தன் ஹைட்ரஜனை, இந்த முறை எலக்ட்ரானோடு சேர்த்து, கொடுத்துவிடுகிறது. கொடுத்த பிறகும் அது பறிக்கக் கிளம்புவதில்லை. மிஞ்சிய ஒற்றை எலக்ட்ரானை அதன் வளையம் முழுக்கப் பகிர்ந்து அமைதியாகிவிடுகிறது. சங்கிலி அங்கேயே அறுந்துபோகும்.

சரி, எண்ணெயும் கஷாயமும் ஒன்றா? இல்லை. ஆவியில் வடித்தால் ஆவியாகக்கூடியவை மட்டுமே எண்ணெயில் சேரும். துளசியிலும் கற்பூரவல்லியிலும் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் ஆக்சிஜனேற்றத்தை நன்றாகத் தடுக்கக்கூடியது, ஆனால் ஆவியாகாது. அது கொதித்த நீரிலேயே தங்கிவிடும், கஷாயத்தில் கிடைக்கும்.

சோதனைக் குழாயில் கண்டதை அப்படியே உடம்புக்குப் பொருத்தக் கூடாது. சோதிக்கும் பொருளைச் சேர்த்ததும் ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக மாறினால் அது ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்பது ஆய்வகக் கணக்கு. உணவில் கொழுப்பு இருந்தால் எண்ணெய் அதிலேயே கரைந்துகொள்ளும், கிருமிக்குப் போய்ச்சேரும் பங்கு குறையும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் கூடுதல் வெளிச்சவ்வு போட்டுக்கொண்டு தப்பித்துவிடுகின்றன. நீர்க்காத எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

இந்த ஆயுதத்துக்குச் செடி தரும் விலையைத் தெற்கு பிரான்ஸில் பார்க்கலாம். மோம்பெல்லியே நகரத்துக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் காட்டு தைம் செடிகள் மணத்தால் 6 வகையாகப் பிரிந்திருக்கின்றன. தைமாலும் கார்வக்ராலும் சுரக்கும் வகைகள் வெயில் காயும் மேட்டுச் சரிவுகளில் வாழும். முன்குளிர்காலத்தின் கடும் உறைபனியை அவை தாங்குவதில்லை. குளிர்காற்று தேங்கும் பள்ளத்தில், இந்தச் சேர்மங்கள் இல்லாத வகைகளே 1970களில் இருந்தன. 2010 வாக்கில் ஆய்வாளர்கள் அதே இடங்களைத் திரும்பப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கடும் உறைபனி குறைந்திருந்தது. முன்பு இல்லாத பள்ளத்து இடங்கள் சிலவற்றில் ஓம வாசச் செடிகள் முளைத்திருந்தன.