பேனிக்: சொல் விளக்கம்

மேட்டூரில் உபரிநீர் திறந்து கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறினால், கரையோர ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'யாரும் பேனிக் ஆக வேண்டாம்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. வெள்ளத்தையே பார்த்து வளர்ந்த ஊர்களுக்கு இந்த உணர்வைச் சொல்லச் சொல் இல்லாமல் போகுமா?

பேனிக் என்பது சாதாரண பயம் இல்லை. திடீரென்று வரும், காரணம் இல்லாமலோ காரணத்தை மீறியோ வரும், யோசிக்க விடாது, ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குத் தொற்றும்.

ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. வேர் கிரேக்கத்தில், பான் என்ற கடவுளின் பெயரில் இருக்கிறது. பான், ஆர்க்காடியா மலைநாட்டு மேய்ப்பர்களின் கடவுள். ஆட்டுக்கால், ஆட்டுக்கொம்பு, மனித உடம்பு. ஆளில்லாத மலைச்சரிவில் ஏதோ சத்தம் கேட்டு மந்தை திசைதெரியாமல் ஓடினால் அது பானின் வேலை என்று நம்பினார்கள். படைகள் காரணமின்றிக் கலைந்து ஓடினாலும் அவன்மீதே பழி. கி.மு. 490-இல் மாரத்தான் போரையொட்டி பான் தங்களுக்குத் துணைநின்றதாக நம்பிய ஏதென்ஸ் மக்கள், அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் அவனுக்குக் கோயில் அமைத்தார்கள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு (அச்சுறுத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்றோர்) என நான்கைச் சொல்கிறது. பாதி ஆடாகவும் பாதி தெய்வமாகவும் இருக்கும் பான், முதல் இரண்டிலும் அடங்கிவிடுகிறான்!

சரி, தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்கள் 'பீதி' என்று எழுதுகின்றன. எல்லாருக்கும் புரிகிற சொல், ஆனால் வடமொழியிலிருந்து வந்தது. 'அச்சம்' பொதுச்சொல், பாம்பைக் கண்டு ஒதுங்குவதும் அச்சம்தான், அதில் அறிவு வேலை செய்கிறது. 'பதற்றம்' நெருங்கி வருகிறது. ஆனால் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் பதற்றம் உண்டு, அவள் எழுந்து ஓடுவதில்லை.

எனக்குச் சரியாகப் படுவது 'மிரட்சி'. தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி மாடு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். வேட்டுச் சத்தத்துக்கு மாடு பயந்தது என்று சொல்ல மாட்டார்கள், 'மிரண்டுடுச்சு' என்பார்கள். ஒன்று மிரண்டு கயிற்றை அறுத்தால் பக்கத்துக் கட்டுத்தறியிலும் இழுபறி தொடங்கும். கிரேக்க மேய்ப்பன் கண்டதும் இதைத்தான். 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்ற பழமொழியை இன்று கோபத்துக்குச் சொல்கிறோம். ஆனாலும் அடக்க முடியாத அந்த வேகம் சொல்லுக்குள் இருக்கிறது.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. நான்கு நாள் கழித்து, 30-ஆம் தேதி, மறுபடி அலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை பரவியது. கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். அலை வரவில்லை. அவர்கள் ஓடியதைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கண்ணெதிரே கடல் எழுந்ததைப் பார்த்தவர்கள். அந்த மிரட்சியைக் கோழைத்தனத்தோடு சேர்க்கவே கூடாது.

இதே காரணத்தால், 'பேனிக் அட்டாக்' என்னும் மருத்துவச் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று தோன்றும் அந்தச் சில நிமிடங்களை 'மிரட்சித் தாக்கு' எனலாம். மருத்துவரிடம் போகும்போது மட்டும் அவருக்குத் தெரிந்த சொல்லையே சொல்லுங்கள்.

'பேனிக் பையிங்' என்பதற்கு ஒற்றைச்சொல் தேடி அலைய வேண்டாம், 'மிரண்டுபோய் வாங்கிக் குவிப்பது' என்றாலே விளங்கும். அப்புறம் அந்த வாட்ஸ்அப் வரி: 'யாரும் மிரள வேண்டாம், கரை பலமாக இருக்கிறது' என்று போடலாம், கரை நிஜமாகவே பலமாக இருந்தால்.