ஃபிரெய்ரேயின் சொல்லும் ‘விழிப்புணர்வு’ என்னும் பிழையும்

பிரேசிலியக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் சிந்தனையைத் தமிழில் எழுதுவோர், மக்கள் தம் நிலைக்கான காரணங்களைத் தாமே உணர்ந்து அதை மாற்றச் செயலில் இறங்குவதைக் குறிக்கும் அவருடைய மையச் சொல்லான ‘கொன்சியென்திசசாவ்’ என்பதை ‘விழிப்புணர்வு’ என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். தலைக்கவசத்துக்கும் டெங்குக் கொசுவுக்கும் நடக்கும் பேரணிப் பதாகைகளில் தேய்ந்துபோன சொல் அது.

போர்த்துகீசிய மொழியில் ‘கொன்சியென்சியா’ என்பது உணர்வு, மனச்சான்று இரண்டையும் குறிக்கும். அதை வினையாக்கி, அவ்வினையிலிருந்து பெற்ற தொழிற்பெயரே இது. இதை உருவாக்கியவர் தாம் அல்லர், பிரேசிலிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் அறிஞர்களே என்று ஃபிரெய்ரேயே சொல்லியிருக்கிறார். பிற மொழிகளில் பரவச் செய்தவர் பேராயர் எல்தேர் காமரா.

பொருளை அகராதியில் தேடுவதைவிட அஞ்சிகோஸில் தேடுவது நல்லது. பிரேசிலின் வடகிழக்கில் உள்ள அச்சிற்றூரில், 1963இல், ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சி ஃபிரெய்ரேயின் முறைப்படி நடந்தது. வகுப்புக்குப் பெயர் ‘பண்பாட்டு வட்டம்’. அங்கு எழுத்துக்கு முன் படம் வந்தது. படத்தைச் சுற்றி அவரவர் வாழ்க்கை பேசப்பட்டது. பிரேசிலில் இம்முறையில் பயன்பட்ட சொற்களுள் ஒன்று, செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’. கட்டுபவருக்கு ஏன் வீடில்லை என்ற பேச்சுக்கும், அதன் முதல் அசையை த, தே, தி, தோ, து என விரித்துப் புதுச்சொற்களைக் கட்டுவதற்கும் அந்த ஒரு சொல் போதும். எழுத்தறியாதவருக்கு அன்று அந்நாட்டில் வாக்குரிமை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஃபிரெய்ரேயைச் சிறையில் அடைத்ததும், பின்னர் அவர் நாடு கடந்து வாழ நேர்ந்ததும் ஏன் என்பது விளங்கும். கொசு ஒழிப்புக்காக எவரும் நாடு கடந்து வாழ நேர்வதில்லை.

விழிப்புணர்வு என்பது, இன்றைய வழக்கில், தெரிந்தவர் தெரியாதவருக்கு அறிவிக்கும் செய்தி. அது ‘ஏற்படுத்தப்படுகிறது’, ஏற்படுத்துபவர் மேடையில் இருப்பார், கேட்பவர் கீழே இருப்பார். ஃபிரெய்ரே எதிர்த்ததே இந்த ஏற்பாட்டைத்தான். ‘விமர்சன’ என்ற அடைமொழியை முன்னால் ஒட்டினாலும் மேடை இறங்கிவிடாது.

இதைவிடக் கெட்டது ‘உணர்வூட்டல்’. தூய தமிழ் என்ற பெருமையோடு அதைப் பரிந்துரைப்பவர்கள், தன்வினை பிறவினை வேறுபாட்டை மறந்துவிட்டார்கள். உண்பது தன்வினை, ஊட்டுவது பிறவினை. ஊட்டப்படுபவர் வாயைத் திறந்தால் போதும். எழுத்தறியாதவரைப் பசித்தவராகவும் எழுத்தைச் சோறாகவும் பார்க்கும் பார்வையை ஃபிரெய்ரே வெளிப்படையாகவே கண்டித்திருக்க, அவருடைய கருத்துக்கே ‘ஊட்டல்’ என்று பெயரிடுவது, தூய்மை பார்க்கும் ஆர்வத்தில் பொருளைப் பறிகொடுத்த செயல். தனித்தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வேர் தமிழாக இருந்தால் மட்டும் போதும் என்பதில்தான் உண்டு. ஆங்கில வழியாகவே ஃபிரெய்ரேயை அறியும் மொழிபெயர்ப்பாளர்களோ, அங்கே ‘உணர்வை உயர்த்துதல்’ என்று நீர்த்துப்போனதை மேலும் நீர்க்க வைத்து நமக்குத் தருகிறார்கள்.

என் பரிந்துரை ‘உணர்ந்தெழல்’. தம் நிலைக்கான காரணங்களைத் தாமே உணர்வதும், அதை மாற்றச் செயலில் இறங்குவதும் ஒரே சொல்லில் அமைகின்றன, இரண்டும் தன்வினைகள். சற்று நீளம்தான், மூலச்சொல்லும் பிரேசிலியர் நாவுக்கே எளிதன்று. ஆளும்போது ஓர் எச்சரிக்கை: ‘ஆசிரியர் உழவர்களை உணர்ந்தெழச் செய்தார்’ என்று எழுதினால் பிறவினை பின்வாசல் வழியே நுழைந்துவிடும், ‘உழவரும் ஆசிரியரும் உணர்ந்தெழுந்தனர்’ என்பதே ஃபிரெய்ரேக்கு ஏற்ற தொடர்.